ஸ்டென்ட் வைத்தவர் திருச்செந்தூருக்கு நடக்கலாமா? இதய நோயாளிகளுக்கு ஒரு முழுமையான நடைப்பயிற்சி வழிகாட்டி

புரட்டாசி மாதம் ஒரு காலை. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி அறைக்கு ஓர் அண்ணாச்சி வந்தார். 58 வயது, மளிகைக் கடை. ஆவணியில் அட்டாக் வந்து, ஒரு ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்து, ஒரு மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது இதுதான்: "தம்பி, தைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போவலாமா? இருவது வருசமா விட்டதில்ல."

கூட வந்த அவர் மனைவிக்குக் கோபம். "வாசப்படி இறங்கவே நான் விடமாட்டேங்கேன், இவிய செந்தூருக்குப் போறாவளாம்."

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. நாலு மாதத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடப்பது ஆபத்து. வாசப்படி இறங்காமல் கிடப்பதும் ஆபத்துதான், அது மெதுவாக வரும் என்பது மட்டும்தான் வித்தியாசம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நடையை மாத்திரை மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்: எவ்வளவு, எந்த வேகம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று அளவோடு. அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

படுத்தே கிடந்த காலம்

ஒரு காலத்தில் அட்டாக் வந்தவரை நாலு முதல் ஆறு வாரம் கட்டிலைவிட்டு இறங்கவிட மாட்டார்கள். அப்படிப் படுத்திருந்ததாலேயே காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் இறந்தவர்கள் உண்டு. 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய துணிச்சல். 1973இல் கனடாவின் டொராண்டோவில் டெரன்ஸ் கவனா என்ற மருத்துவரிடம் பயிற்சி பெற்ற அட்டாக் நோயாளிகள் சிலர் பாஸ்டன் மராத்தானையே ஓடி முடித்தார்கள். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படிப்படியாகத் தயாரானவர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் ஷூ வாங்கக் கிளம்ப வேண்டாம்.

இன்னும் பழைய சேதி ஒன்று. நெஞ்சுவலி நோயை 18ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளி கிட்டத்தட்ட குணமாகிவிட்டதாக எழுதிவைத்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது. இப்போது நமக்கு ஓரளவு தெரியும்.

ஸ்டென்ட் வைப்பது பாளையங்கால்வாயில் ஒரு மடையை அடைத்திருந்த சாக்கை எடுத்துப் போட்டது மாதிரி. அந்த இடத்தில் தண்ணீர் ஓடும். கால்வாய் நெடுக மண் படிவது அதனால் நிற்காது. அதற்கு மாத்திரை வேண்டும், புகையை விட வேண்டும், நடக்கவும் வேண்டும். தொடர்ந்து நடக்கிறவரின் கால் தசை, ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனைக் கூடுதலாக உறிஞ்சப் பழகிக்கொள்கிறது. அதனால் அதே தூரம் நடக்க இதயம் முன்பைவிடக் குறைவாக அடித்தால் போதும். ரத்தக்குழாயின் உள்சுவரும் நன்றாக விரிந்து கொடுக்கிறது. முன்பு தெரு முனையில் வந்த நெஞ்சுவலி, சில மாதம் கழித்து மூன்று தெரு தாண்டித்தான் வருகிறது. பலருக்கு வருவதே இல்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. உழைத்தால் மட்டும் வந்து, நாளுக்கு நாள் கூடாமல் ஒரே அளவில் இருக்கிற நெஞ்சுவலி உள்ள 101 ஆண்களில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு தினமும் 20 நிமிட சைக்கிள் பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிரச்சினை எதுவும் வராமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 88 சதவீதம், ஸ்டென்ட் குழுவில் 70 சதவீதம். சின்ன ஆய்வு, அன்றைய ஸ்டென்டும் பழைய வகை. அதோடு, அட்டாக் வந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்டுக்கு மாற்றாக நடையைச் சொல்ல முடியாது. இருந்தாலும் நடையை "சும்மா ஒரு இது" என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்வதுண்டு.

முதல் படி: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"வாக்கிங் போலாமா சார்?" என்று கேட்டால் "போங்க" என்பார்கள். அந்தப் பதில் போதாது. கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு எத்தனை சதவீதம்? இன்னும் திறக்காத அடைப்பு வேறு குழாயில் இருக்கிறதா? டிஎம்டி எடுத்திருந்தால், உச்சத்தில் நாடித்துடிப்பு எவ்வளவு போனது, எந்தத் துடிப்பில் வலியோ ஈசிஜி மாற்றமோ வந்தது? இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை என் சீட்டில் இருக்கிறதா?

டிஎம்டி என்பது ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கிற பரிசோதனை. வழக்கமான முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல ஏற்றத்தில் ஆரம்பிக்கும். அட்டாக் வந்து எத்தனை வாரம் கழித்து எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்பதையெல்லாம் டாக்டர் சொல்லட்டும்.

சிலர் இப்போதைக்கு நடைப்பயிற்சியே ஆரம்பிக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், சில நாளாக வலி கூடிக்கொண்டே போகிறவர்கள், வால்வு ரொம்பச் சுருங்கி மயக்கமோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள், கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்து தூங்குகிறவர்கள், துடிப்பு கட்டுக்குள் வராதவர்கள். இவர்களுக்கு முதலில் சிகிச்சை, நடை அப்புறம். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தாலோ, ஓய்வில் பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டியிருந்தாலோ, யாராக இருந்தாலும் அன்று லீவு.

இரண்டாம் படி: வேகம்

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். கைபேசியில் பார்த்துவிட்டு "220இல் வயதைக் கழி" என்று ஆரம்பிப்பார்கள். நம் அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். 220இல் 58 போனால் 162. அதில் 85 சதவீதம் வரை போகலாம் என்று ஏதாவது ஒரு வீடியோ சொன்னால் 138 வருகிறது. ஆனால் அவர் சாப்பிடுவது துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. ஆறு வாரம் கழித்து டிஎம்டி எடுத்தபோது மூச்சு முட்ட நடந்தும் அவர் நாடி 124க்கு மேல் ஏறவில்லை. அப்படியானால் 138ஐத் துரத்துவது எந்த ஊர் நியாயம்?

சரியான கணக்கு வேறு. ஓய்வில் அவர் நாடி 64, உச்சம் 124, இடைவெளி 60. அந்த 60இல் 40 சதவீதம் 24. அதை 64உடன் கூட்டினால் 88. 60 சதவீதம் 36; கூட்டினால் 100. ஆக 88 முதல் 100 வரைதான் அவருக்கு முதல் சில மாதங்களின் எல்லை. டிஎம்டியில் ஒரு குறிப்பிட்ட துடிப்பில் வலியோ மாற்றமோ வந்திருந்தால், அதற்கு 10 துடிப்பு கீழேயே நின்றுகொள்ள வேண்டும். டிஎம்டியே எடுக்காதவர் ஆரம்ப வாரங்களில் ஓய்வுத் துடிப்பைவிட 20, மிஞ்சிப்போனால் 30 கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாடி பார்க்கக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். வாட்ச் இருந்தால் நல்லதுதான். ஆனால் துடிப்பு தாறுமாறாக அடிக்கிற நோய் உள்ளவர்களுக்கு வாட்ச் காட்டுவதை அப்படியே நம்ப முடியாது.

சரி, எண்ணிக்கையெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி வாய். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அண்ணாச்சியோடு முதல் நாள் நான் கூடவே நடந்தேன். "செந்தூர் போற வழியில ஊரெல்லாம் வரிசையாச் சொல்லிக்கிட்டே வாங்க அண்ணாச்சி" என்றேன். சாதாரண நடையில் "செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி" என்று ஒரே மூச்சில் வந்தார். கொஞ்சம் எட்டிப் போடச் சொன்னேன். "செய்துங்கநல்லூர், கருங்குளம்" என்று வந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ஸ்ரீவைகுண்டம்" என்றார். இதுதான் உங்கள் வேகம் என்றேன். இன்னும் எட்டிப் போட்டதும் "ஆழ்வார்..." என்று நின்றுவிட்டது, "திருநகரி" வரவே இல்லை. இது அதிகம். அன்றைக்கு அவருக்குப் புரிந்தது, நான் கால் மணி நேரம் எண்ணைச் சொல்லி விளக்கியிருந்தாலும் புரிந்திருக்காது. நீங்களும் உங்கள் ஊர் பஸ் ரூட்டை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

குன்னார் போர்க் என்ற ஸ்வீடன்காரர் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வைத்தார். 6 என்றால் ஒன்றுமே தெரியவில்லை, 20 என்றால் இதற்குமேல் முடியாது. நாம் 11க்கும் 13க்கும் நடுவில் இருக்க வேண்டும்: "லேசுதான்" என்பதிலிருந்து "கொஞ்சம் சிரமம்" என்பது வரை. சர்க்கரை நோய் ரொம்ப நாளாக உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். நரம்பு மரத்துப்போவதால் நெஞ்சுவலியே தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்கு வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கலும் அசதியும்தான் வலி.

மூன்றாம் படி: நிமிடக் கணக்கு

அட்டாக் வந்து, சிக்கல் இல்லாமல் வீடு திரும்பி, டாக்டரும் சரி என்று சொன்னவருக்கான கணக்கு இது. முதல் வாரம் சமதளத்தில் 5 நிமிடம், ஒரு நாளில் மூன்று முறை. வீட்டு முற்றமும் தெருவும் போதும். இரண்டாம் வாரம் 8 முதல் 10 நிமிடம், இரண்டு மூன்று தடவை. மூன்றாம் வாரம் காலையும் மாலையும் 15. நாலாம் வாரம் காலையில் 20, மாலையில் 10. ஆறாம் வாரம் வாக்கில் ஒரே மூச்சாக 30 நிமிடம் வந்துவிடும். பன்னிரண்டாம் வாரத்தில் 40 முதல் 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று எல்லோரும் சொல்கிற இலக்கை அப்போது தாண்டியிருப்பீர்கள்.

கூட்டுகிற வரிசையை மாற்றாதீர்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் நாட்களை, அதற்கப்புறம் வேகத்தை. ஏற்றம் கடைசியில். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள்: இரண்டாம் நாளே வேகம், ஐந்தாம் நாள் முட்டிவலி, பத்தாம் நாள் "எனக்கு வாக்கிங் ஒத்துக்கல தம்பி". நடந்த மறுநாள் காலையில் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தால் முந்திய வாரக் கணக்குக்குத் திரும்புங்கள். காய்ச்சலில் ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

2023 நவம்பரில் அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த 8 முழு ஆரோக்கியம் உள்ளவருக்குப் போட்ட கணக்கு. அதில் ஒரு கிலோமீட்டர் நடந்து திரும்பினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

ஒவ்வொரு நடையிலும் முதல் ஐந்து பத்து நிமிடமும் கடைசி ஐந்து பத்து நிமிடமும் உலாத்துகிற வேகம்தான். கடைசியில் மெதுவாக நடப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேகமாக வந்து, அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்காருவார்கள். நடக்கும்போது கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. டக்கென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, பிரஷர் இறங்கி, கண் இருட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அந்த நேரத்தில் துடிப்பு தப்பவும் வாய்ப்பு உண்டு. டீக்கடைக்கு இரண்டு தெரு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். டீயோடு வடை வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நம்ம ஊர் வெயிலும் காற்றும்

புத்தகத்தில் வருகிற நடைப்பயிற்சி ஏதோ குளிர்ந்த ஊருக்கு எழுதியது. இங்கே மாசி முடிந்தால் காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும். அதே நடைக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். அதனால் பங்குனியிலிருந்து ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது பொழுது சாய்ந்தபின் போங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வேகத்தை ஒரு படி இறக்கிவிடுங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். இதயம் பலவீனமானவருக்கு அதிகமும் ஆகாது, குறைவும் ஆகாது.

ஆனி ஆடியில் வேறு சிக்கல். மலைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆளையே தள்ளும். எதிர்காற்றில் நடப்பது ஏற்றத்தில் நடப்பதற்குச் சமம். போகும்போது காற்றுக்கு எதிரே போங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்தால் களைத்திருக்கிற நேரத்தில் எதிர்காற்று கிடைக்கும். ஒரு தடவை நானே ஒருவரை அப்படிக் கூட்டிப்போய், திரும்பும் வழியில் பாதியில் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. என் தப்புதான்.

ஐப்பசி கார்த்திகை மழையில் திருநெல்வேலி டவுன்காரர்களுக்குக் கவலையில்லை. நெல்லையப்பர் கோயில் பிரகாரமும் சங்கிலி மண்டபமும் சமதளம், கூரை இருக்கிறது, களைத்தால் உட்காரத் திண்ணையும் இருக்கிறது. வெயில் நாளில் மதியம் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சூடு தெரியாமலே கால் கொப்பளித்துவிடும். மற்ற நாட்களில் பாளையங்கோட்டை மைதானமோ, ஹைகிரவுண்ட் பக்கத்து நிழல் சாலையோ, குறுக்குத்துறை ஆற்றங்கரையோ எதுவானாலும் சரி. நான் பார்ப்பது மூன்றுதான்: ஏற்றம் இருக்கக் கூடாது, ஒதுங்க இடம் இருக்க வேண்டும், கூப்பிட்டால் ஆள் வர வேண்டும். முதல் மூன்று மாதம் தனியாகப் போக வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து நடங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும்.

நிறுத்து என்று உடம்பு சொன்னால்

நெஞ்சில் பாரம், அழுத்தம், எரிச்சல், தாடை, தோள், இடது கை, முதுகுக்குப் பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, தலைகிறுகிறுப்பு, படபடவென்ற துடிப்பு, பேச முடியாத மூச்சு வாங்கல். இதில் எது வந்தாலும் "அந்தத் தெரு முனை வரைக்கும் போயிருவோம்" என்று போகக் கூடாது. அங்கேயே உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை டாக்டர் கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடி ஒன்று வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுவீர்கள். ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 108. இதற்கு முன் இப்படி வலியே வந்ததில்லை என்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். பைக்கில் தானே ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் அதிகம் பேரை ஏமாற்றுகிற வார்த்தை "வாயு". வாயுப் பிடிப்பு என்று கோலி சோடாவும் ஓமத்திரவமும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வருவார்கள். நடந்தால் வந்து நின்றால் போகிற "வாயு" இதய வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அட்டாக்குக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயங்கள்

பைபாஸ் செய்தவருக்கு நடை சீக்கிரமே ஆரம்பித்துவிடும், ஆனால் அறுத்துக் கட்டிய நெஞ்செலும்பு சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கிணற்றில் தண்ணீர் இறைப்பது, பைக் ஓட்டுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது எதுவும் கிடையாது. இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலம் வீங்கினால் உட்காரும்போது உயர்த்தி வைக்க வேண்டும். மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்தவர் சில நாள் அந்தக் கையால் கனம் தூக்காமல் இருந்தால் போதும். ஸ்டென்டுக்குப் பின் தருகிற ரத்தம் உறையாத மாத்திரைகளை "நடக்க ஆரம்பிச்சாச்சே" என்று தாமாக நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அட்டாக் வரலாம். நடை மாத்திரைக்கு மாற்று இல்லை.

இதயம் பலவீனமானவர்கள் நீண்ட நடை நடக்க முடியாமல் சோர்ந்துபோவார்கள். அவர்களுக்கு இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்பது என்று துண்டு துண்டாக. தினமும் காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுமுன் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கு நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மட்டும் விதி தலைகீழ். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விடும். இந்த வலி கால் வலி. நெஞ்சுவலிபோலப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. மிதமான வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். காலில் புண்ணோ, படுத்திருக்கும்போதே வலியோ இருந்தால் இது பொருந்தாது.

வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்கலாம்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டினால் பிரஷர் கண்டபடி ஏறும். வீட்டு காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ வாக்கில் வரும். அதைத் தூக்குவதில் உள்ள ஆபத்தே கனத்தைவிடத் தம் கட்டுவதில்தான்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்கலாமா என்று வருடா வருடம் கேட்பார்கள். அதே காரணத்தால்தான் வேண்டாம் என்கிறேன். தேர் நகராதவரை வடத்தில் முழு பலமும் மூச்சைப் பிடித்துத்தான் போகும்; சுற்றிலும் நெரிசல், தலைக்கு மேல் வெயில், விழுந்தால் வெளியே தூக்க வழி கிடையாது. ரத வீதியில் நிழலில் நின்று கும்பிடலாம். குற்றாலத்துக்கும் இதே பதில்தான். சில்லென்ற தண்ணீர் திடீரென்று தலையில் விழுந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். நடந்துவந்த சூட்டோடு அருவிக்குள் நுழைவது ரொம்பத் தப்பு.

கூச்சத்தில் கேட்காமல் விடுகிற ஒரு கேள்வி உண்டு, மனைவி வெளியே போனதும் மெதுவாகக் கேட்பார்கள். இரண்டு மாடி படி ஏறி, வலியும் அதிக இளைப்பும் இல்லாமல் இருந்தால் தாம்பத்தியத்தில் பொதுவாகப் பயமில்லை. ஆனால் அதற்கென்று விற்கிற மாத்திரையையும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையையும் ஒரே நாளில் சேர்த்துவிடக் கூடாது, பிரஷர் அடியோடு விழுந்துவிடும். சில வகை மாத்திரைகளின் வேலை இரண்டு நாள்வரை இருக்கும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுபடியும் திருச்செந்தூர்

அண்ணாச்சிக்கு அந்தத் தையில் அனுமதி கொடுக்கவில்லை. நாலு மாதத்தில் அவர் 45 நிமிட நடைக்கு வந்திருந்தார். அது ஒரு நாள் முழுக்க நடப்பதற்கான தகுதி ஆகாது. வருத்தம்தான், பச்சை வேட்டியை எடுத்து மடித்து வைத்துவிட்டேன் என்றார். அடுத்த வருடத்துக்கு ஒரு கணக்குப் போட்டோம். வாரத்தில் நாலு நாள் வழக்கமான 45 நிமிடம். ஞாயிறு மட்டும் நீள நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் 10 நிமிடம் கூட்டுவது, மூன்று முறை கூட்டினால் நாலாவது முறை குறைத்து நடப்பது. பேச்சு வேகத்தைத் தாண்டவே கூடாது. கார்த்திகையில் அவருக்கு ஞாயிறு நடை இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து. மார்கழியில் டாக்டர் மறுபடி டிஎம்டி எடுத்துப் பார்த்துச் சரி என்றார்.

பூசத்துக்கு முந்திய நாள் மகன் காரில் அவரைக் குரும்பூரில் இறக்கிவிட்டான். அங்கிருந்து செந்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பினார்கள். வெறுங்காலோடுதான் போவேன் என்று அடம்பிடித்தவருக்கு சர்க்கரையும் இருப்பதால், மெத்தென்ற செருப்போடு போக வைக்க அவர் மனைவிதான் முருகனிடம் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. மாத்திரை சட்டைப்பையில், அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து, கூட்டம் வேகமாகப் போனால் போகவிட்டு நடந்திருக்கிறார். வழியெல்லாம் கொடுத்த பானகத்தை மட்டும் அளந்து குடித்தாராம். மூன்றே கால் மணி நேரம்.

மறுவாரம் வந்து, "அடுத்த வருசம் ஆழ்வார்திருநகரியில இருந்து" என்றார். மார்கழியில் டிஎம்டி எடுத்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.